மஷூரா பெரியவர்களுக்கு மட்டும்தானா?



கோடம்பாக்கத்தில் ஒரு நாள் இஷா தொழுகை முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியே வந்தபோது, தி.நகரில் துணிக்கடை வைத்திருக்கும் சகோதரர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நம்மவர்கள் நடத்தும் ஒரு பள்ளியின் நிர்வாகக் கமிட்டியில் அவர் உறுப்பினர். எந்தப் பள்ளி என்று கேட்காதீர்கள். பெயரைச் சொன்னால் அந்த ஒரு பள்ளிதான் அப்படி என்று நினைத்து நிம்மதி அடைந்துவிடுவீர்கள்.

"பாய், நேற்று கமிட்டி கூடியது. ஆண்டு விழாவுக்கு யாரைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிடுவது, அழைப்பிதழில் யார் பெயர் முதலில் வருவது, மேடையில் யாருக்கு எந்த நாற்காலி... இதிலேயே இரண்டு மணி நேரம் போய்விட்டது. வீட்டுக்கு வந்தேன். என் மகள் அதே பள்ளியில் ஒன்பதாவது படிக்கிறாள். 'அத்தா, எங்க டாய்லெட் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லைன்னு கூட்டத்துல சொன்னீங்களா?' என்று கேட்டாள். அப்படி ஒரு பிரச்சினை இருப்பதே எனக்குத் தெரியாது. எத்தனை நாளாக என்றேன். ஏழு மாதமாம்! காலையில் போனால் மாலை வீடு திரும்பும் வரை அவளும் அவள் தோழிகளும் ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லையாம்!"

சொல்லும்போதே அவர் குரல் தழுதழுத்தது.

சகோதரர்களே! ஒரு தாழ்ப்பாள்! ஹார்டுவேர் கடையில் நூறு ரூபாய்க்குள் முடிகிற காரியம். கமிட்டியில் பணம் இல்லையா? இருந்தது. மனம் இல்லையா? அதுவும் இருந்தது. அல்லாஹ்வுக்குப் பயந்து, சொந்தக் காசைப் போட்டு, வியாபாரத்தை விட்டுவிட்டு வந்து உட்காருகிறவர்கள்தான் அவர்கள். பிறகு என்ன குறை? அந்தக் கதவைத் தினமும் திறந்து மூடுகிறவர்களில் ஒருவர்கூட அந்தக் கூட்டத்தில் இல்லை. அவர்களை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. அதுதான் குறை.

நம் பள்ளிகளின் முடிவுகளில் நம் பிள்ளைகளுக்குப் பங்கு உண்டா, இல்லையா? இதைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

உஹதுக்குப் பின் வந்த கட்டளை

"இதெல்லாம் மேல்நாட்டு ஜனநாயகம், நமக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். அவர்களை ஹிஜ்ரி 3-ஆம் ஆண்டுக்கு அழைக்கிறேன்.

மக்காவின் படை உஹத் மலையடிவாரம் வரை வந்துவிட்டது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களைக் கூட்டி ஆலோசனை செய்தார்கள். மதீனாவுக்குள் இருந்துகொண்டே எதிர்ப்பது என்பதுதான் அண்ணலாரின் சொந்தக் கருத்து. மூத்தவர்கள் பலரும் அதையே சொன்னார்கள். ஆனால் பத்ருப் போரில் கலந்துகொள்ளும் வாய்ப்பை இழந்திருந்த இளைஞர்கள், வெளியே சென்று எதிர்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். அண்ணலார் அந்தக் கருத்தை ஏற்றுக் கவசம் அணிந்து வந்தார்கள். அதைப் பார்த்து இளைஞர்கள் தயங்கி, உங்கள் கருத்துப்படியே இருந்துவிடலாம் என்று சொன்னபோதும், கலந்து எடுத்த முடிவை அவர்கள் மாற்றவில்லை.

போரில் 70 தோழர்கள் ஷஹீதானார்கள். அண்ணலாரே காயமடைந்தார்கள். இப்படி நடந்த பிறகு ஒரு சாதாரணத் தலைவர் என்ன சொல்லியிருப்பார்? "பொடியன்களைக் கேட்டதால் வந்த வினை, இனி யாரையும் கேட்கப் போவதில்லை" என்றிருப்பார். ஆனால் உஹதைப் பற்றிப் பேசுகிற அதே தொடரில்தான், ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 159-ஆவது வசனத்தில், அவர்களை மன்னித்துவிடும்படியும் காரியங்களில் அவர்களோடு கலந்து ஆலோசிக்கும்படியும் அல்லாஹ் தன் தூதருக்குக் கட்டளையிடுகிறான். ஆலோசனை கேட்டு இழப்பு வந்த பிறகும், ஆலோசனையைக் கைவிடாதே என்பதுதான் கட்டளை! இழப்புக்குக் காரணம் ஆலோசனை அல்ல. நிறுத்திய இடத்தை விட்டு வில்லாளிகள் இறங்கி வந்ததுதான். முடிவெடுக்கும் முன் எல்லோரையும் கேட்க வேண்டும், எடுத்த பின் எல்லோரும் கட்டுப்பட வேண்டும். ஒழுங்கும் மஷூராவும் எதிரிகள் அல்ல என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

அஷ்ஷூரா என்ற பெயரில் ஓர் அத்தியாயமே குர்ஆனில் இருக்கிறது. அதன் 38-ஆவது வசனம், தம் காரியங்களைத் தமக்குள் கலந்து ஆலோசித்து நடத்துவதை ஈமான் கொண்டவர்களின் தன்மையாக, தொழுகைக்கும் தர்மத்துக்கும் நடுவில் வைத்துச் சொல்கிறது. அங்கே வயது வரம்பு போடப்படவில்லை.

ஒரு சிறுவனிடம் கேட்ட அனுமதி

ஸஹீஹுல் புகாரியில் ஒரு சம்பவம் வருகிறது. நபி (ஸல்) அவர்களுக்குப் பானம் கொண்டுவரப்பட்டது. வலப்பக்கம் ஒரு சிறுவர், இடப்பக்கம் முதியவர்கள். அருந்திய பின் வலப்பக்கம் இருப்பவருக்குக் கொடுப்பது முறை. பெரியவர்களுக்கு முதலில் கொடுக்கலாமா என்று அந்தச் சிறுவரிடம் அண்ணலார் அனுமதி கேட்டார்கள். தங்களிடமிருந்து கிடைக்கும் பங்கை யாருக்கும் விட்டுத்தர மாட்டேன் என்று சிறுவர் சொல்லிவிட்டார். சபையில் யாரும் அதட்டவில்லை. கிண்ணம் சிறுவரின் கைக்கே போனது.

அகிலத்துக்கு அருட்கொடையாக வந்தவர்கள் ஒரு சிறுவரிடம் அனுமதி கேட்கிறார்கள். மறுத்தபோது அந்த மறுப்பையும் மதிக்கிறார்கள். நாமோ பிள்ளைகள் வாயைத் திறந்தாலே, "பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசாதே" என்று அடக்குகிறோம்!

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் பத்ரில் பங்குபெற்ற முதியவர்களின் ஆலோசனைச் சபையில் இளைஞர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களை உட்கார வைத்தார்கள். எங்களுக்கும் இவர் வயதில் பிள்ளைகள் இருக்கிறார்களே என்று சிலர் முணுமுணுத்தார்கள். உமர் (ரலி) வாதாடவில்லை. அந்நஸ்ர் அத்தியாயத்தின் பொருளைச் சபையில் கேட்டார்கள். மூத்தவர்கள் மேலோட்டமாகச் சொன்னார்கள். அது அண்ணலாரின் மறைவை முன்னறிவிக்கும் அத்தியாயம் என்று இப்னு அப்பாஸ் (ரலி) சொன்னார்கள். தானும் அப்படியே அறிந்திருப்பதாக உமர் (ரலி) சொன்னார்கள். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

நம் காலத்துக்கும், நம் மண்ணுக்கும் வருவோம். கண்ணியத்துக்குரிய காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் பிறந்தது 1896-இல். திருநெல்வேலியில் இளம் முஸ்லிம்களுக்கென ஒரு சங்கத்தை அவர் தொடங்கியது 1909-இல். வயதைக் கணக்குப் பண்ணுங்கள்! அந்த வயதில் கூட்டம் கூட்டி, பேசி, கேட்டுப் பழகியவர்தான் பின்னாளில் அரசியல் நிர்ணய சபையில் உட்கார்ந்து சிறுபான்மையினருக்காக வாதாடினார். இன்று ஒன்பதாவது படிக்கிற பையன் ஒரு சங்கம் தொடங்குகிறேன் என்றால், "முதலில் மார்க்கை எடு" என்போம்.

சட்டம் போட்டு வைத்திருக்கும் நாற்காலி

முதலில் அரசுப் பள்ளிகளைப் பார்ப்போம். நம் பிள்ளைகளில் பெரும் பகுதியினர் நம் நிர்வாகப் பள்ளிகளில் இல்லை. மதரஸாவிலும் இல்லை. பள்ளி செல்லும் முஸ்லிம் பிள்ளைகளில் முழுநேர மதரஸாக்களில் படிப்பவர்கள் ஏறத்தாழ 4 சதவீதம்தான் என்று 2006-ஆம் ஆண்டின் சச்சார் குழு அறிக்கை சொன்னது. மீதிப் பேர் படிப்பது அரசுப் பள்ளியிலும், உதவி பெறும் பள்ளியிலும், தனியார் பள்ளியிலும்தான்.

இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 21-ஆவது பிரிவு, அரசுப் பள்ளியிலும் உள்ளாட்சிப் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு அமைக்கச் சொல்கிறது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பள்ளி எப்படி நடக்கிறது என்று கண்காணிப்பதும், பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும், அரசு தரும் நிதி எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் அந்தக் குழுவின் வேலை.

மாணவர்களுக்கு? அந்தச் சட்டத்தின் கீழ் 2010-இல் வந்த மத்திய அரசு விதிகள், பெற்றோர் அல்லாத நான்கில் ஒரு பங்கை மூன்றாகப் பிரித்து, அதில் ஒரு பகுதியை உள்ளூர்க் கல்வியாளர்களுக்கு அல்லது பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு வைத்தன. 'அல்லது' என்ற அந்த ஒரு சொல்லில் பிள்ளைகளின் நாற்காலி ஊசலாடுகிறது! இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது பெற்றோரின் கையில். நாம் யாரைத் தேர்ந்தெடுப்போம் என்று சொல்லவும் வேண்டுமா?

தமிழ்நாட்டில் 2022-இல் இந்தக் குழுக்கள் பெரிய அளவில் மறுகட்டமைப்பு செய்யப்பட்டன. 2024-இல் மீண்டும் அமைக்கப்பட்டபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் தரப்பட்டது. அதே 2024-இல் அரசுப் பள்ளிகளில் 'மகிழ் முற்றம்' என்ற திட்டம் தொடங்கி, மாணவர்களைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழுக்களாகப் பிரித்து, அவர்களுக்குள்ளேயே தலைவர்களை வைத்தார்கள். நல்ல காரியங்கள்தான்.

ஆனால் நாம் எங்கே இருக்கிறோம்? ஆற்காட்டு நவாபின் குதிரைகள் நின்ற 'கோடா பாக்' என்ற தோட்டம்தான் கோடம்பாக்கம் ஆயிற்று என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். இன்று அந்தப் பெயரில் மாநகராட்சிக்கு ஒரு மண்டலமே இருக்கிறது. நவாபின் குதிரைகளைப் பற்றிப் பேசுகிற நாம், நம் தெருப் பிள்ளைகள் படிக்கிற மாநகராட்சிப் பள்ளியின் மேலாண்மைக் குழு எந்த நாளில் கூடுகிறது என்று சொல்வோமா? அதில் உட்கார்ந்திருக்கும் பெற்றோரில் நம் சகோதரிகள் எத்தனை பேர்? கூட்டத்துக்கு அழைப்பு வந்தால், "கடையில் ஆள் இல்லை" என்று நாம் போவதில்லை. "பெண் பிள்ளை எதற்கு அங்கே?" என்று உம்மாக்களையும் அனுப்புவதில்லை. சட்டம் நமக்காகப் போட்டு வைத்த நாற்காலி காலியாகக் கிடக்கிறது. பிறகு பள்ளியில் நமக்கு மதிப்பில்லை என்று யாரிடம் முறையிடுவது?

நமக்குக் கிடைத்த விலக்கு

இப்போது நம் சொந்தப் பள்ளிகளுக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் முக்கியமாக எழுத உட்கார்ந்தேன்.

அரசியல் சட்டத்தின் 30-ஆவது பிரிவு, நம் விருப்பப்படி கல்வி நிலையங்களை நிறுவி நடத்தும் உரிமையைச் சிறுபான்மையினரான நமக்குத் தந்திருக்கிறது. 2012-இல் வந்த சட்டத் திருத்தம், சிறுபான்மைப் பள்ளிகளில் மேலாண்மைக் குழு ஆலோசனை மட்டுமே சொல்லலாம் என்று ஆக்கியது. 2014 மே 6 அன்று, பிரமதி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கல்வி உரிமைச் சட்டமே சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. உதவி பெறுவதானாலும் சரி, பெறாததானாலும் சரி. 2025 செப்டம்பர் 1 அன்று இரண்டு நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பு சரிதானா என்று ஐயம் எழுப்பி, பெரிய அமர்வின் பரிசீலனைக்கு வைக்கச் சொன்னது.

30-ஆவது பிரிவின் உரிமை நம் உயிருக்கு நிகரானது. அதை விட்டுக்கொடுக்கும்படி நான் சொல்லவில்லை. அதில் யார் கை வைத்தாலும் சட்டப்படி நின்று எதிர்க்க வேண்டியது நம் கடமை. ஆனால் ஒரு கேள்வியை மனசாட்சியிடம் கேட்டுப் பாருங்கள். மேலாண்மைக் குழு வைக்க வேண்டாம் என்று சட்டம் நமக்கு விலக்கு அளித்தது. மஷூரா செய்ய வேண்டாம் என்று அல்லாஹ் நமக்கு விலக்கு அளித்தானா?

அரசாங்கம் நம் பள்ளிக்குள் நுழையக் கூடாது என்று வாங்கிய உரிமை, நம் பிள்ளைகளின் குரலே உள்ளே நுழையாமல் தடுக்கிற சுவராக மாறலாமா? 'உங்கள் விருப்பப்படி நடத்துங்கள்' என்று சட்டம் சொல்கிறதே, அந்த 'உங்கள்' என்பதில் கமிட்டியின் பதினொரு பேர் மட்டும்தான் அடக்கமா? சமுதாயம் என்றால் பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்ததுதானே? நம் பள்ளியை நாமே ஒழுங்காக, எல்லோரையும் கேட்டு நடத்திக் காட்டினால், நாளை எந்த அமர்வில் கேள்வி வந்தாலும் தலை நிமிர்ந்து பதில் சொல்லலாம்.

கேட்காமல் எடுத்த முடிவு

பிள்ளைகளைக் கேட்காமல் எடுக்கும் முடிவு என்ன செய்யும் என்பதற்கு நாம் வெகு தூரம் போக வேண்டியதில்லை. 2021 டிசம்பர் இறுதியில் உடுப்பி அரசு மகளிர் பி.யு. கல்லூரியில் ஹிஜாப் அணிந்த நம் மகள்கள் வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். 2022 பிப்ரவரி 5 அன்று கர்நாடக அரசு போட்ட ஆணை, பி.யு. கல்லூரிகளின் சீருடையைக் கல்லூரி வளர்ச்சிக் குழுவின் கையில் கொடுத்தது. அரசுக் கல்லூரியில் அந்தக் குழுவின் தலைவர் யார்? உள்ளூர் எம்.எல்.ஏ.! உடுத்தப் போகிறவளின் சொல்லுக்கு அங்கே மதிப்பிருக்கவில்லை. மார்ச் 15-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் அந்த ஆணையைச் சரி என்றது. அக்டோபர் 13-இல் உச்ச நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்பு எழுதினார்கள். அதற்குள் அந்தப் பிள்ளைகளின் ஒரு கல்வியாண்டே அல்லாடியது.

அன்று நாம் தெருவில் இறங்கிக் கேட்டோம்: "எங்கள் மகள்களைக் கேட்காமல் எப்படி முடிவெடுக்கலாம்?" நியாயமான கேள்வி! அதே கேள்வியை நம் மகள் நம் பள்ளியில் கேட்டால் என்ன பதில் வைத்திருக்கிறோம்? எம்.எல்.ஏ. கேட்காதது அநியாயம், நாம் கேட்காதது மட்டும் நிர்வாகமா?

இன்னொன்றும் நினைவிருக்கும். 2021 மே மாதம், கோடம்பாக்கத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், கே.கே.நகரில் பேர்பெற்ற ஒரு தனியார் பள்ளியின் ஆசிரியர் போக்ஸோ சட்டத்தில் கைதானார். விஷயம் வெளியே வந்தது நிர்வாகத்தின் மூலம் அல்ல. மாணவிகளும் முன்னாள் மாணவிகளும் சமூக வலைத்தளத்தில் வாய் திறந்த பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. அதைத் தொடர்ந்து வேறு பள்ளிகளைப் பற்றியும் புகார்கள் வந்தன. அதன் பிறகு தமிழக அரசு பள்ளிகளில் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு அமைக்கச் சொன்னது. 'மாணவர் மனசு' என்ற புகார்ப் பெட்டி வைக்கச் சொன்னது. 14417 என்ற உதவி எண்ணைப் பள்ளிகளில் எழுதி வைக்கச் சொன்னது. தாழ்ப்பாளைப் பற்றிச் சொல்ல முடியாத பிள்ளை, இதைவிடப் பெரிய துன்பம் வந்தால் எப்படிச் சொல்லும்? சின்ன விஷயத்தைக் கேட்கிற காது இருக்கும் இடத்தில்தான் பெரிய விஷயத்தைச் சொல்லும் துணிவு பிறக்கும். நம் பள்ளிகளில் அந்தப் பெட்டி இருக்கிறதா? இருந்தால், சாவி யாரிடம்?

சில ஆட்சேபங்கள்

"பிள்ளைகளுக்கு என்ன தெரியும்?" என்பது முதல் ஆட்சேபம். வியாபாரிகளே, உங்களிடமே கேட்கிறேன். பெருநாள் கொள்முதலுக்கு சூரத்துக்கோ, ஈரோட்டுக்கோ புறப்படும் முன் யாரைக் கேட்கிறீர்கள்? கவுண்டரில் நிற்கிற பையனைத்தானே? "எந்தக் கலர் கேட்கிறாங்க, எந்தச் சரக்கு தேங்குது?" என்று அவனிடம் விசாரித்துவிட்டுத்தான் ரயில் ஏறுகிறீர்கள். அவன் முதலாளி அல்ல. கல்லாச் சாவியை நீங்கள் அவனிடம் கொடுப்பதில்லை. ஆனால் அவனைக் கேட்காமல் வாங்கிய சரக்கு அலமாரியிலேயே தூங்கும் என்று உங்களுக்குத் தெரியும். பள்ளியின் கவுண்டரில் நிற்பது உங்கள் பிள்ளை. நான் கேட்பதும் அவ்வளவுதான். ஆசிரியர் நியமனமும் வரவு செலவும் கமிட்டியின் பொறுப்பாகவே இருக்கட்டும். குடிநீர், கழிப்பறை, நூலகம், வேன் நேரம், ஜுமுஆ இடைவேளை, சீருடை, தண்டனை முறை, தேர்வுக்கு முந்தைய விடுமுறை ஆகியவற்றில் பிள்ளைகளைக் கேளுங்கள்.

"அரசியல் நுழைந்துவிடும், அடிதடி வரும்" என்பது இரண்டாவது. கல்லூரித் தேர்தல்களில் நடந்த கலாட்டாக்களைப் பார்த்து வந்த பயம் இது. கல்லூரிகளுக்கே இதற்கு வழி சொல்லியாகிவிட்டது. உச்ச நீதிமன்றத்தின் உத்தரவுப்படி அமைந்த லிங்டோ குழு 2006-இல் தந்த பரிந்துரைகளில் வேட்பாளருக்கு 75 சதவீத வருகை வேண்டும், செலவு 5,000 ரூபாயைத் தாண்டக் கூடாது, அரசியல் கட்சிகளின் பணம் வரக் கூடாது என்றெல்லாம் இருக்கிறது. பள்ளியில் இவ்வளவுகூட வேண்டாம். வகுப்புக்கு இரண்டு பேர், ரகசிய வாக்கு, ஓராண்டுப் பதவி போதும். ராஜஸ்தானின் திலோனியாவில் பகலெல்லாம் ஆடு மாடு மேய்த்துவிட்டு இரவுப் பள்ளியில் படித்த பிள்ளைகள் 1990-களிலேயே தங்களுக்குள் தேர்தல் நடத்தி, 'குழந்தைகள் பாராளுமன்றம்' அமைத்து, ஆசிரியர் ஒழுங்காக வருகிறாரா என்று கண்காணித்தார்கள். மாடு மேய்க்கிற பிள்ளையால் முடிந்தது, மெட்ரிகுலேஷன் பிள்ளையால் முடியாதா?

"மரியாதை கெட்டுவிடும்" என்பது மூன்றாவது. கேட்கப்பட்ட பிள்ளைதான் மரியாதை கற்கும். கேட்காத வீட்டில் பயம்தான் வளரும். பயத்துக்கும் மரியாதைக்கும் வித்தியாசம் தெரியாமல் எத்தனை பிள்ளைகளை நாம் இழந்திருக்கிறோம்! பத்தாவது முடித்ததும், "படித்தது போதும், கடையில் உட்கார்" என்று சொன்னபோது ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாத பையன்களை எனக்குத் தெரியும். அவர்கள் வாப்பாக்கள் அதை மரியாதை என்றுதான் நினைத்தார்கள். இன்று நாற்பது வயதில், மகனின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்ட வரிசையில் நிற்கும்போது, "என்னையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்று அவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

ஐ.நா. சபை 1989-இல் நிறைவேற்றிய குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு, தம்மைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமை பிள்ளைகளுக்கு உண்டு என்றும், வயதுக்கும் பக்குவத்துக்கும் ஏற்ப அந்தக் கருத்துக்கு மதிப்புத் தர வேண்டும் என்றும் கூறுகிறது. இந்தியா 1992-இல் இதை ஏற்றது. வயதுக்கும் பக்குவத்துக்கும் ஏற்ப என்பதைக் கவனியுங்கள். பிள்ளை சொன்னதெல்லாம் சட்டம் என்று யாரும் சொல்லவில்லை. காது கொடுங்கள் என்றுதான் சொல்கிறார்கள். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன் ஒரு கிண்ணப் பானத்தை வைத்துக்கொண்டு செய்து காட்டியதை உலகம் 1989-இல்தான் எழுத்தில் வைத்தது. நாம் இன்னும் செய்யவில்லை.

என்ன செய்யலாம்?

நிர்வாகிகளே! அடுத்த கல்வியாண்டில் உங்கள் பள்ளியில் ஒரு மாணவர் மஷூரா சபையை அமையுங்கள். ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை வகுப்புக்கு இருவர். இருபாலரும் படிக்கிற பள்ளியானால் ஒருவர் கட்டாயம் மாணவியாக இருக்கட்டும். மாதம் ஒரு முறை கூடட்டும். அவர்கள் தரும் கோரிக்கைகளுக்குப் பதினைந்து நாட்களுக்குள் எழுத்தில் பதில் தாருங்கள். முடியாது என்றால் ஏன் முடியாது என்றும் எழுதுங்கள். ஆண்டுக்கு இரண்டு முறையாவது அவர்களின் பிரதிநிதிகள் கமிட்டிக் கூட்டத்தில் உட்காரட்டும். ஓரமாக நிற்க வைக்காதீர்கள். நாற்காலி போடுங்கள்.

பெற்றோரே, வியாபாரப் பெருமக்களே! அரசுப் பள்ளியில் உங்கள் பிள்ளை படித்தால் மேலாண்மைக் குழுவின் அடுத்த தேர்வில் பெயர் கொடுங்கள். நீங்கள் போக முடியாவிட்டால் உங்கள் மனைவியை அனுப்புங்கள். சட்டமே பாதி இடத்தைப் பெண்களுக்கு வைத்திருக்கிறது. மாதத்தில் ஒரு மணி நேரம் கடை ஷட்டரை இறக்கினால் பரக்கத் குறைந்துவிடாது. போகும் முன் உங்கள் பிள்ளையிடம், "நாளைக்கு நான் எதைப் பற்றிப் பேசட்டும்?" என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

இளைஞர்களே! பள்ளியை விட்டு வந்துவிட்டோம் என்று ஒதுங்காதீர்கள். முன்னாள் மாணவருக்கும் குழுவில் இடம் வந்திருக்கிறது. படித்த பள்ளிக்குப் போய்த் தலைமை ஆசிரியரைப் பாருங்கள். 1989-இல் வாக்களிக்கும் வயது 21-லிருந்து 18 ஆனது. பதினேழு வயது வரை எந்த முடிவிலும் பங்கு இல்லாமல் வளர்ந்த ஒருவன், பதினெட்டாவது பிறந்த நாளில் திடீரென்று நாட்டின் தலைவிதியைத் தீர்மானிக்கும் ஞானம் பெற்றுவிடுவானா? அந்தப் பயிற்சி பள்ளியில் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால், காசுக்கும் கோஷத்துக்கும் வாக்கை விற்கிற கூட்டத்தில்தான் நம் பிள்ளைகளும் போய் நிற்பார்கள்.

சட்டமன்றத்தில் பிரதிநிதித்துவம் கேட்கிறோம். வேலைவாய்ப்பில் பங்கு கேட்கிறோம். 2007-இல் தமிழ்நாட்டில் பெற்ற 3.5 சதவீத இடஒதுக்கீட்டை உயர்த்தக் கேட்கிறோம். கேட்க வேண்டும், கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் வெளியே பிரதிநிதித்துவம் கேட்கிற சமுதாயம், உள்ளே தன் பிள்ளைகளுக்கு அதைத் தர வேண்டாமா?

அந்தத் துணிக்கடைச் சகோதரரைப் பிறகு சந்தித்தேன். மறுநாள் காலை கடையைத் திறக்கும் முன் தானே தாழ்ப்பாள் வாங்கிக்கொண்டு, தச்சரையும் அழைத்துக்கொண்டு பள்ளிக்குப் போனாராம். "ஒரு கதவு இல்லை பாய், நாலு கதவு! மற்ற மூன்றைப் பற்றி என் மகளும் சொல்லவில்லை, அவளுக்கே தெரியாது. அது சின்னப் பிள்ளைகளின் பக்கம்" என்றார்.

அந்தச் சின்னப் பிள்ளைகளை யார் கேட்பது? சிந்திப்பீர், சகோதரர்களே! இன்ஷா அல்லாஹ், அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு முன்பே செயல்படுவீர்!